இடது காதில் இருந்தவள்

குழாய் ஸ்பீக்கருக்கு இடது வலது கிடையாது. வேப்பமரத்தில் ஒன்று, கரண்டு கம்பத்தில் ஒன்று, பள்ளிக்கூடத்து மாடியில் ஒன்று என்று பத்து கட்டினாலும் பத்திலும் வருவது ஒரே சத்தம்தான். காதில் மாட்டிக் கேட்கும்போது இந்தக் காதுக்கு ஒன்று, அந்தக் காதுக்கு ஒன்று என்று பிரிந்து வருகிற பாட்டு, குழாய்க்குப் போகும் முன்பே ஒன்றாகக் கலந்துவிடும். பெரும்பாலான பாட்டுகளுக்கு இதனால் கெடுதல் இல்லை. சில பாட்டுகளுக்கு உண்டு.

ஆனி மாதத்தில் வடக்கனந்தலில் ஒரு தெரு மாரியம்மனுக்கு விழா எடுத்தார்கள். செட்டு என்னுடையது. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மைக் செட்டு வாடகை, ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் என்று கலையரசன் பெயர் போட்ட கடை ஒன்று இருக்கிறதே, அதுதான் நான். காலை ஒன்பது மணி இருக்கும். தெருக்காரர்கள் சாலம்மாள் பாட்டைப் போடச் சொன்னார்கள். நாலு மாதமாக ஷேர் ஆட்டோவிலும் டீக்கடையிலும் அந்தப் பாட்டுதான்.

மல மேல நின்னவளே, மழக்கண்ணத் தொறந்தவளே.

போட்டேன். நன்றாக இல்லை. குடத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு பாடுகிற மாதிரி ஒரு பொக்கைச் சத்தம். எனக்குக் காரணம் உடனே தெரிந்தது. மிக்ஸரில் இடது பக்கத்துக் குமிழை அடியோடு இறக்கினேன். பொக்கை போய்விட்டது. குரல் தெளிவாக, ஒற்றையாக வந்தது.

கையை எடுத்து நிமிர்ந்தபோது மேசைக்கு எதிரே செவ்வந்தி நின்றிருந்தாள். சாலம்மாளின் தங்கை. மலையிலிருந்து பலாப்பழம் ஏற்றி வந்த வண்டியில் வந்திருக்கிறாள். கையெல்லாம் பலாப்பால் ஒட்டிக் கறுத்திருந்தது.

"அண்ணா, இப்ப இன்னா பண்ணீங்க?" என்றாள்.

"ஒண்ணுமில்லம்மா. பொக்கையா கேட்டுது. இடது பக்கத்த எறக்கிட்டேன்."

"இடது பக்கம் நானாச்சே."

நான் சிரித்துவிட்டேன். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். "நீயா? நீ எங்க இதுல பாடுன?" என்றேன்.

அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியுமானால் எடுத்துக்கொள்வேன். அவள் முகம் மாறவில்லை. மரத்தில் கட்டியிருந்த குழாயைப் பார்த்தாள். பாட்டு இரண்டாவது வரியின் கடைசிக்கு வந்து, நின்று, மூன்றாவது வரியை எடுத்தது. அந்த நிற்கிற இடத்தில் அவள் தலை லேசாக அசைந்தது, வண்டி பள்ளத்தில் இறங்கினால் அசைவது மாதிரி.

"உழுந்துடுச்சு," என்றாள். "பாட்டு உழுந்துடுச்சுண்ணா."

அவள் சொன்னது புரிய வேண்டுமானால் அக்காளும் தங்கையும் எப்படிப் பாடுவார்கள் என்று தெரிய வேண்டும்.

மலையில் கரியாலூர் தாண்டி நாலு கிலோமீட்டரில் அவர்கள் ஊர். சாமை, கேழ்வரகு, கொஞ்சம் மரவள்ளி. சாமைக் கொல்லையில் களை எடுக்கும்போது பெண்கள் வரிசையாகக் குந்தி நகர்ந்துகொண்டே போவார்கள். ஒருத்தி பாட்டைப் பிடிப்பாள், ஒருத்தி தாங்குவாள். பிடிக்கிறவள் வரியைச் சொல்லிக் கடைசி எழுத்தை இழுத்துவிட்டு மூச்சு எடுப்பாள். அந்த நேரத்தில் தாங்குகிறவள் மூச்சு எடுக்கக் கூடாது. இழுப்பை அவள் வாங்கிக்கொண்டு, பிடிக்கிறவள் அடுத்த வரியில் காலை ஊன்றும் வரைக்கும் விடாமல் வைத்திருக்க வேண்டும். அப்படியென்றால் இவள் எப்போது மூச்சு எடுப்பாள்? வரியின் நடுவில், ஒரு சொல்லின் பாதியில், அக்காள் குரல் உரக்க இருக்கிற இடமாகப் பார்த்து, யாருக்கும் தெரியாமல் எடுப்பாள். பாட்டு நின்றால் கை நிற்கும், கை நின்றால் வரிசை கலையும். அதனால் பாட்டு நிற்கவே கூடாது.

சாலம்மாள் பிடிப்பாள், செவ்வந்தி தாங்குவாள். பத்து வயசிலிருந்து அப்படித்தான்.

போன வருஷம் ஆடித் திருவிழாவில் இரண்டு பேரும் அந்த ஊர்க் காளியம்மன் கோயிலில் பாடினார்கள். அன்றைக்கும் என் செட்டுதான். ஆம்ப்ளிஃபயரில் வரிசையாகச் சின்ன விளக்குகள் இருக்கும். சத்தம் ஏற ஏறப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று எரியும். சத்தம் நின்றால் எல்லாம் அணையும். யார் பாடினாலும் வரிக்கு வரி ஒருமுறை அணையத்தான் செய்யும். இவர்கள் பாடிய இருபது நிமிஷமும் முதல் மூன்று பச்சை விளக்கு அணையவே இல்லை. ஏதோ ஒட்டிக்கொண்டுவிட்டது என்று நினைத்து மூடியைத் திருகிக் கழற்றிப் பார்த்தேன். ஆம்ப்ளிஃபயரில் ஒரு கோளாறும் இல்லை.

செவ்வந்தியை ரிஷிவந்தியம் பக்கம் கட்டிக் கொடுத்தார்கள். இரண்டு வருஷத்தில் திரும்பி வந்துவிட்டாள். பதினோரு வருஷமாக அக்காள் வீடுதான். அக்காள் கொல்லை, அக்காள் அடுப்பு, அக்காள் மாடு. எல்லாவற்றிலும் இவள் கை உண்டு, எதுவும் இவளுடையது இல்லை. அந்தப் பாதிப் பாட்டு ஒன்றுதான் இவளுடையது.

சாலம்மாளின் வீட்டுக்காரன் தர்மன். குட்டி யானை லோடு வண்டி ஓட்டுகிறவன். எதையும் பிரித்துப் பார்க்க வேண்டும் அவனுக்கு. பழைய லேப்டாப் ஒன்றும் ஒரு மைக்கும் வாங்கி, சாமை மூட்டை அடுக்குகிற அறையைப் பாட்டுப் பதிகிற அறை ஆக்கிக்கொண்டான். போன தை மாதம் அந்த அறையைப் பார்க்க மேலே போயிருந்தேன். சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டலாமா என்று கேட்டான். முட்டை அட்டையால் ஒன்றும் ஆகாது, தானிய மூட்டையைவிட நல்ல பொருள் கிடையாது என்று சொல்லி, மைக்குக்குப் பின்னால் ஏழு மூட்டை, இரண்டு பக்கமும் நாலு நாலு என்று அடுக்கிக் காட்டினேன். கை தட்டிப் பார்த்தான். சத்தம் திரும்பி வரவில்லை. அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

அப்போதுதான் கேட்டான், பெரிய பாட்டுகளில் ஒரே ஆள் பாடினாலும் குரல் அவ்வளவு கனமாக இருக்கிறதே, எப்படி என்று.

எனக்கு இப்படி யாராவது கேட்டால் போதும். சென்னையில் ஒரு ரெக்கார்டிங் ஸ்டுடியோவில் ஆறு வருஷம் ஒயர் சுற்றியவன் நான். உட்கார வைத்துச் சொன்னேன். ஒரே ஆளை இரண்டு தடவை பாட வைத்து, ஒன்றை இந்தக் காதுக்கும் மற்றதை அந்தக் காதுக்கும் வைப்பார்கள். எவ்வளவு தேர்ந்த ஆளாக இருந்தாலும் இரண்டு தடவையும் ஒரே மாதிரி பாட முடியாது. ஒரு சொல் கொஞ்சம் முந்தும், ஒரு சுதி மயிரிழை இறங்கும். அந்த வித்தியாசத்தைத்தான் காது கனம் என்று எடுத்துக்கொள்கிறது. ஒரு தடவைதான் பாடினார் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. அதையே நகல் எடுத்துக்கொள். நகலை அப்படியே மேலே வைத்தால் சத்தம் கூடுமே தவிர இரண்டு குரல் ஆகாது. அதனால் நகலைக் கொஞ்சம் தாமதமாகத் தள்ளு. ஒரு நொடியை ஆயிரமாக நறுக்கினால் அதில் இருபத்தைந்து துண்டு. அப்புறம் சுதியை ஒரு துளி இறக்கு. அடித்தொண்டைக் கனத்தைக் கொஞ்சம் சீவிவிடு. ஒன்றை இடது, ஒன்றை வலது. கேட்கிறவன் இரண்டு பேர் என்று சத்தியம் செய்வான்.

தர்மன் எல்லாவற்றையும் ஒரு உரக் கம்பெனி நோட்டில் எழுதிக்கொண்டான். செவ்வந்திதான் எங்களுக்கு டீ கொண்டுவந்து கொடுத்தாள்.

மாசியில் பாட்டு பதிந்தான் என்று தெரியும். சாலம்மாள் பெயரில் வந்ததும் தெரியும். அவள் ஒருத்திதான் பாடியிருக்கிறாள், அதை இரண்டாக்கியிருக்கிறான், நான் சொன்னதைக் கற்றுக்கொண்டுவிட்டான் என்று எனக்குப் பெருமையாகவும் இருந்தது. செவ்வந்தியையும் பதிந்தான் என்பதும், பாட்டில் அவள் இருப்பதாக நாலு மாதமாக அவளிடம் சொல்லி வைத்திருக்கிறார்கள் என்பதும் வடக்கனந்தலில் அந்த மேசைக்கு முன்னால்தான் எனக்குத் தெரிந்தது.

"அக்காதாண்ணா காதுல மாட்டிவுட்டுது," என்றாள். "இடது காதுல நீ, வலது காதுல நான்னுச்சு. நான் எப்பயும் இடது பக்கத்த மட்டும் மாட்டிக்கினு கேப்பேன். மாடு மேய்க்கறப்ப, தண்ணி எடுக்கறப்ப."

ஒரே வயிற்றில் பிறந்தவர்கள், குரலும் ஒன்று போலத்தான் இருக்கும். மூச்சு மட்டும் இடம் மாறியிருந்ததை அவள் அன்றைக்கே கவனித்திருக்கிறாள். கேட்டதற்கு, மூச்சையெல்லாம் கம்ப்யூட்டர் சரி பண்ணிடுச்சு என்று தர்மன் சொல்லியிருக்கிறான். ஒற்றைக் காதில் கேட்கிறவளுக்கு மற்றக் காதில் அக்காள் எங்கே மூச்சு எடுக்கிறாள் என்று தெரியாது. விழுகிற இடத்தை இடது பக்கத்தில் வைத்திருந்த பம்பை மேளம் மூடியிருந்தது. இங்கே நான் இடதை இறக்கியதும் பம்பையும் போய், ஒரு தெரு முழுக்க அது திறந்து கிடந்தது.

உண்மையாகவே பார்த்துச் சொல்லச் சொன்னாள். என் லேப்டாப்பில் பாட்டைத் திறந்து இரண்டு பக்கத்தையும் மேலும் கீழுமாக வைத்தேன். குரல் அங்கே மேடும் பள்ளமுமாக ஒரு படமாகத் தெரியும். இங்கே பார், இது வலது பக்கத்து மூச்சு. இது இடது பக்கத்து மூச்சு. பத்துத் துண்டு தள்ளி இருக்கிறது. அடுத்த வரியைப் பார், அதே பத்து. 'தொறந்தவளே'யில் தொண்டை ஒரு தட்டுத் தட்டுகிறது பார், இரண்டிலும் அதே தட்டு. நான் இருபத்தைந்து என்று சொன்னேன், அவன் நெருக்கி வைத்துவிட்டான். நெருக்கி வைத்ததால்தான் இரண்டும் குழாயில் கலக்கும்போது ஒன்றை ஒன்று தின்கிறது, அந்தப் பொக்கைச் சத்தம் அதுதான். சொல்லச் சொல்ல எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. விரலால் திரையைத் தொட்டுத் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தேன்.

"அப்ப நான் எங்கண்ணா?" என்றாள்.

திரையைத் தொட்டுக்கொண்டிருந்த விரலை எடுத்துக்கொண்டேன்.

மத்தியானம் தர்மன் வண்டி பழம் இறக்கிவிட்டுத் திரும்பியபோது, என்னையும் கூட வரச் சொன்னாள். "நான் சொன்னா ஒனக்கு மிஷினப் பத்தி இன்னா தெரியும்னுவாரு. நீங்க வந்து நில்லுங்க, போதும்." செட்டை என் கடையில் வேலை செய்யும் பழனியிடம் ஒப்படைத்துவிட்டு ஏறிக்கொண்டேன். கச்சிராயபாளையம் தாண்டி மலைப்பாதை ஏறும் வரைக்கும் தர்மன் ஆடித் திருவிழாவைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தான். கள்ளக்குறிச்சியில் ஒரு விழாவுக்கும் சாலம்மாளைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றான். செவ்வந்தி பின்னால் காலிச் சாக்குகளின் மேல் உட்கார்ந்திருந்தாள். பத்தாவது வளைவில் மழை பிடித்தது. நிறுத்தி முன்னால் வரச் சொன்னான். அவள் வரவில்லை.

வீட்டில் சாலம்மாள் பலாக்கொட்டைக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தாள். எங்களுக்குச் சாமைச் சோறும் பலாக்கொட்டைக் குழம்பும் போட்டாள். தங்கை நனைந்து நிற்பதைப் பார்த்துத் துண்டை எடுத்துக் கொடுத்து, இன்னாடி இப்படி நனைஞ்சிக்கினு வந்திருக்க, கொட்டையோட ஒன்னையும் அடுப்புலதான் காய வைக்கணும் என்றாள். செவ்வந்தி துண்டை வாங்கிக் கொடியில் போட்டாள். துடைத்துக்கொள்ளவில்லை. சோற்றைத் தின்று முடித்தாள். தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து கேட்டாள்.

"மாமா, நான் பாடுனத கொஞ்சம் போடுங்க."

தர்மன் என்னைப் பார்த்தான். நான் குழம்பைப் பார்த்தேன்.

"அது இப்ப எதுக்கு," என்றான்.

"அழிச்சிட்டீங்களா?"

"அழிக்கல. கீது."

"போடுங்க."

மூட்டை அறைக்குப் போனோம். கூரையின் ஒரு பாதி தகடு. மழை அதன் மேல் கொட்டிக்கொண்டிருந்தது. மழை நேரத்தில் பதியத்தான் முடியாது, கேட்கலாம். தர்மன் தேடி எடுத்தான். அக்காளின் குரலை அடைத்துவிட்டுத் தங்கையின் குரலை மட்டும் ஓடவிட்டான்.

அவள் அவளையே கேட்பது அதுதான் முதல் தடவை. எனக்கும் அப்படித்தான். தனியாகக் கேட்க அது ஒரு பாட்டாகவே இல்லை. வரி தாமதமாகத் தொடங்கியது. 'மழக்' என்று ஒரு துண்டு, மூச்சு, 'கண்ண' என்று ஒரு துண்டு. மெல்லிசாக, யாரோ ஒருத்தர் பின்னால் ஒளிந்துகொண்டு பாடுகிற மாதிரி. வரியின் முடிவில் மட்டும் அந்த 'ஏ' நேராக, அசையாமல், எதற்கோ காத்துக்கொண்டு நீளமாக நின்றது.

தர்மன் நிறுத்தினான். அவன் கெட்டவன் இல்லை. அவளை அதைக் கேட்க வைத்ததே அவனுக்குக் கஷ்டமாக இருந்தது.

"நான் இன்னா பண்ணட்டும், நீயே சொல்லு," என்றான். "திக்குற மாதிரி கீது. மூச்சு நடுவுல நடுவுல அறுவுது. ரெண்டையும் வெச்சுப் பாத்தேன், ஒண்ணு மேல ஒண்ணு ஒக்காரவே இல்ல. ஒன் மனசு நோவுமேன்னுதான் சொல்லல."

"திக்கலங்க மாமா. அது அப்படித்தான்."

"ரெண்டையும் சேத்துப் போடு," என்றேன் நான்.

போட்டான். திரையில் பார்க்க அவன் சொன்னது சரிதான். ஒரு மேட்டுக்கு நேராக ஒரு பள்ளம், ஒரு பள்ளத்துக்கு நேராக ஒரு மேடு. அவன் அதைக் கண்ணால் மட்டும் பார்த்திருக்கிறான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். பாட்டு தகட்டு மழைக்கு நடுவிலும் ஒரு கயிறு மாதிரி முடிச்சே இல்லாமல் ஓடியது. மூன்று பச்சை விளக்கு ஏன் அணையவில்லை என்று அன்றைக்குத்தான் எனக்கு முழுசாகப் புரிந்தது.

தர்மன் வாயைத் திறந்துகொண்டு கேட்டான். "நல்லாத்தான கீது," என்றான், யாரையோ கேட்கிற மாதிரி. அப்புறம் கதவுப் பக்கம் திரும்பினான். "நல்லாத்தான கீது, சாலா. நீ ஏன் அன்னிக்கி அப்படிச் சொன்ன?"

சாலம்மாள் கதவோரம் நின்றிருந்தாள். கையில் உரிக்காத ஒரு பலாக்கொட்டை இருந்தது. செவ்வந்தி மெதுவாக அவள் பக்கம் பார்த்தாள். மலைப்பாதை முழுக்க அவள் மாமாவின் மேல்தான் கோபத்தைச் சேர்த்துக்கொண்டு வந்திருக்க வேண்டும்.

"அக்கா இன்னா சொல்லுச்சு மாமா?"

சாலம்மாளே சொன்னாள். குரலை உயர்த்தவில்லை.

"அவரு ரெண்டையும் தனித்தனியா போட்டுக் காட்டி எது வெக்கலாம்னாரு. என்னுதையே ரெண்டா போடுன்னேன்."

"ஒனக்குத் தெரியுமேக்கா," என்றாள் செவ்வந்தி. "அவருக்குத் தெரியாது. ஊருக்குத் தெரியாது. நான் எங்க மூச்சு வுடுவேன்னு ஒனக்குத் தெரியும். நீ மூச்சு வுட்ட எடத்துல எல்லாம் நான்தான இருந்தேன்."

"தெரியும்."

"அப்புறம் ஏங்க்கா?"

சாலம்மாள் கொட்டையின் தோலை நகத்தால் கீறினாள். "பத்து வயசுலேந்து நான் வாயத் தொறந்தா கூட நீ கீற. என் கொரல் எதுன்னு எனக்கே தெரியாது. ஒரு தடவ தனியா கேக்கணும்னு இருந்துச்சு. தப்பா அது?"

"தப்பில்ல. சொல்லியிருந்தா நானே வெளிய போயிருப்பேன்." செவ்வந்தி தன் இடது காதைத் தொட்டுக் காட்டினாள். "இடது காதுல நீன்னு சொன்னியே. நீயே மாட்டிவுட்டியே. அதுக்குப் பேரு இன்னாக்கா?"

எனக்கு அந்த அறையில் நிற்க முடியவில்லை. ஒரு குரலை எடுத்து இரண்டாக்க வழி சொன்னவன் நான்தான். நோட்டில் எழுதிய கை தர்மனுடையது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் சண்டை ஒன்றும் நடக்கவில்லை என்று தர்மன் போனில் சொன்னான். செவ்வந்தி வழக்கம் போல மாடு பிடிக்கிறாள், களி கிண்டுகிறாள், அக்காள் கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். களை எடுக்க மட்டும் அக்காள் பக்கத்தில் உட்காருவதில்லை. நாலு பேர் தள்ளி உட்காருகிறாள். சாலம்மாள் இரண்டு நாள் பாட்டைப் பிடித்துப் பார்த்திருக்கிறாள். வேறு பெண்கள் தாங்கியிருக்கிறார்கள், சரியாக வரவில்லை. மூன்றாவது நாளிலிருந்து கொல்லையில் பாட்டே இல்லை. வேலையும் பிந்திவிட்டதாம். "பாட்டத் திரும்பப் போட்டுடறேன், ரெண்டு பேரு கொரலையும் வெச்சு," என்று அவன் செவ்வந்தியிடம் சொல்லியிருக்கிறான். வேண்டாம் என்றுவிட்டாளாம். நாலு மாதமாக ஊர் கேட்டுவிட்டது, இனிமேல் வேறு ஒன்றைப் போட்டால் அதுதான் நகல் மாதிரி இருக்கும் என்றாளாம்.

ஆடித் திருவிழாவுக்கு இரண்டு பேரும் பாட வேண்டும் என்று ஊரில் கேட்டார்கள். செவ்வந்தி மாட்டேன் என்பாள் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். சரி என்றாள். தர்மனுக்கு உயிர் வந்தது. எனக்கும்தான். கோபம் இறங்கிவிட்டது, கூடப் பிறந்தவர்கள்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

ஆடி கடைசி வெள்ளிக்கிழமை காலை. கோயிலுக்கு முன்னால் நாற்பது அடுப்பில் பொங்கல் வைத்திருந்தார்கள். ஈர விறகு, புகை எழும்பாமல் தரையோடு தவழ்ந்தது. நான் ஆளுக்கு ஒரு மைக் வைத்தேன். சாலம்மாள் புதுப் புடவை. செவ்வந்தி வந்து அக்காளுக்கு இடது பக்கமாக நின்றாள். சாலம்மாள் அவளைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். ரொம்ப நாள் கழித்துச் சிரிப்பது தெரிந்தது. செவ்வந்தி மைக்கின் உயரத்தைச் சரி செய்துகொண்டாள்.

சாலம்மாள் பிடித்தாள். மல மேல நின்னவளே. செவ்வந்தி சேர்ந்தாள். தாமதமாக இல்லை, ஒளிந்துகொண்டும் இல்லை. அக்காளுக்கு ஒரு துளி பின்னால், அதே உரப்பில், அதே வளைவில். நான் அவளை அப்படிப் பாடிக் கேட்டதே இல்லை. அழகாக இருந்தது. சொல்லின் நடுவில் மூச்சு எடுக்கவில்லை. வரியின் முடிவுக்கு வந்தார்கள். சாலம்மாள் அந்த 'ஏ'யை இழுத்து, எப்போதும் போல அதைத் தங்கையிடம் விட்டுவிட்டு மூச்சு எடுத்தாள்.

செவ்வந்தியும் மூச்சு எடுத்தாள்.

ஆம்ப்ளிஃபயரில் பச்சை விளக்கு மூன்றும் அணைந்தன.

அடுப்பில் விறகு வெடிக்கிற சத்தம் மைக்கில் கேட்டது. சாலம்மாள் பதறி அடுத்த வரியை முன்னதாகவே எடுத்தாள். செவ்வந்தியும் அதே துளி பின்னால் எடுத்தாள். இரண்டாவது வரியின் முடிவில் சாலம்மாள் இழுப்பை விடாமல் பிடித்துப் பார்த்தாள், தங்கை வாங்கிக்கொள்வாள் என்று. முகம் சிவந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. செவ்வந்தியும் கூடவே பிடித்தாள், கூடவே விட்டாள். விளக்குகள் அணைந்தன. சாலம்மாள் பாடிக்கொண்டே தலையைத் திருப்பினாள். செவ்வந்தி முன்னால் புகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு இடத்தில் சாலம்மாளின் தொண்டை தட்டியது. ஒரு துளி கழித்து செவ்வந்தியின் தொண்டையும் அதே மாதிரி தட்டியது.

மிக்ஸரில் என் கை இருந்தது. எந்தக் குமிழைத் திருப்பியும் அதைச் சரி செய்ய முடியாது. பன்னிரண்டு வரியிலும் விளக்குகள் பன்னிரண்டு முறை அணைந்தன. தர்மன் என் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

பாட்டு முடிந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். பொங்கல் கிண்டிக்கொண்டிருந்த ஒரு பெண் கரண்டியோடு நிமிர்ந்து, "அச்சு அசலா செல்லுல கேட்ட மாதிரியே கீதுடி," என்றாள்.

"அப்படித்தான் பாடுனேன்," என்றாள் செவ்வந்தி.

மைக்கை எடுத்து, ஒயரை முறுக்கு விழாமல் சுருட்டி, என் மேசையில் வைத்துவிட்டு அடுப்புப் பக்கம் போனாள். சாலம்மாள் அப்போதும் தன் மைக்குக்கு முன்னால்தான் நின்றிருந்தாள். நான் அதை அணைக்க மறந்துவிட்டேன். அவள் மூச்சு வாங்குவது மலை முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது.